மின்சாரக் காரில் சார்ஜ் ஏறுகிறது, கிரிட்டுக்கு (மின்வாரிய லைனுக்கு) மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்போது மட்டும் சில நொடிகளில் டிரிப் ஆகிறது (தானாக நின்றுவிடுகிறது)

காரிலோ பேட்டரியிலோ கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. மாலை 7 கிலோவாட் திருப்பி அனுப்பத் தொடங்கியதும் 'கிரிட் வோல்டேஜ்' என்று காட்டி நிற்கிறது என்றால், பெரும்பாலும் சார்ஜர் முனையில் வோல்டேஜ் வரம்பைத் தாண்டுகிறது.

சார்ஜ் ஏறும்போது கேபிளில் வோல்டேஜ் இறங்கும். அனுப்பும்போது அதே அளவு ஏறும். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் பிரச்சினை. மின் மீட்டரிலிருந்து சார்ஜர் வரை போட்டிருப்பதாக நீங்கள் சொன்னது 6 சதுர மி.மீ. செம்புக் கேபிள், 50 மீட்டர் நீளம்: போக வர சேர்த்து சுமார் 0.3 ஓம். 7 கிலோவாட்டுக்கு 30 ஆம்பியர், ஆக 9 வோல்ட் கூடுகிறது. லைனில் ஏற்கெனவே 246 வோல்ட் இருந்தால் சார்ஜர் பார்ப்பது 255. வரம்பு 253 (230க்கு மேல் 10 சதவீதம்) என்றால் கதை முடிந்தது.

சோதிக்க: சார்ஜர் ஆப்பில் டிஸ்சார்ஜை (திருப்பி அனுப்பும் அளவை) 2 கிலோவாட்டாகக் குறையுங்கள். நிற்காமல் ஓடினால் காரணம் இதுதான். எலக்ட்ரீஷியனை வைத்து, ஓடும்போதே மின் மீட்டர் பக்கமும் சார்ஜர் முனையிலும் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் 16 சதுர மி.மீ. கேபிள் போட்டால் ஏற்றம் 3.5 வோல்ட்டுக்குள் அடங்கும். மீட்டர் பக்கமே 250 வோல்ட் காட்டினால் கேபிள் மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு. மின்வாரியத்திடம்தான் போக வேண்டும்.

2 கிலோவாட்டிலும் நின்றால் லூஸ் டெர்மினல் (தளர்ந்த கேபிள் இணைப்பு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிரிப் வரம்பை மட்டும் நீங்களாக ஏற்றாதீர்கள். லைன் அறுந்தால் சார்ஜர் விலகிக்கொள்ளும் பாதுகாப்பும் அதே அமைப்புகளில்தான் இருக்கிறது.