சிலுவைப் போர்கள்: மண்ணாசை அணிக்கு எந்தச் சான்று நிற்கும்?

கேள்வி: கல்லூரிப் பட்டிமன்றத்தில், எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்க ஐரோப்பியக் கிறித்தவர்கள் தொடுத்த சிலுவைப் போர்களுக்குக் காரணம் மதப்பற்று அல்ல, மண்ணாசையே என்ற அணியில் பேசுகிறேன். எந்தச் சான்றுகளை நம்பி வாதிடலாம்?

பதில்: மூத்த மகனுக்கே சொத்து என்ற வழக்கத்தால் நிலமற்றுப் போன இளைய மகன்கள் கிழக்கே நிலம் தேடிப் போனார்கள் என்ற பழைய வாதத்தை முதலில் கைவிடுங்கள். முதல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட பிரபுக்கள் பலர் பயணச் செலவுக்காகத் தங்கள் நிலத்தை மடாலயங்களிடம் அடகு வைத்ததையும் விற்றதையும் காட்டும் ஆவணங்கள் இன்றும் உள்ளன. நார்மண்டியின் கோமகன் ராபர்ட், தம் நாட்டையே 10,000 மார்க் வெள்ளிக்குத் தம்பியும் இங்கிலாந்து மன்னருமான இரண்டாம் வில்லியமிடம் அடகு வைத்துவிட்டுப் போனார். மேலும், 1099 ஜூலையில் எருசலேமைக் கைப்பற்றிய பின், பிழைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே நிலம் வாங்கிக் குடியேறாமல் ஊர் திரும்பினர். எதிரணி இதை எடுத்தால் உங்களிடம் பதில் இருக்காது.

1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோனில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், போருக்கு அழைப்பு விடுத்துத் திருத்தந்தை இரண்டாம் அர்பன் ஆற்றிய உரையை மேற்கோள் காட்டுவதிலும் கவனம் தேவை. நமக்குக் கிடைக்கும் வடிவங்கள் எருசலேம் வெற்றிக்குப் பிறகு, முடிவு தெரிந்தவர்களால் எழுதப்பட்டவை. 'உங்கள் நாடு மக்கள்தொகைக்குப் போதாத குறுகிய நிலம்' என்ற பொருள்பட வரும் புகழ்பெற்ற பகுதி போரின் வரலாற்றை எழுதிய துறவி ராபர்ட்டின் வடிவத்தில் உள்ளது. இன்னொரு வரலாற்றாசிரியரான ஃபுல்ச்சரின் வடிவத்தில் அது இல்லை. அந்த உரையைவிட அச்சங்கத்தின் தீர்மானம் உங்களுக்கு உதவும். புகழுக்காகவோ பணத்துக்காகவோ அன்றி, பக்தியால் மட்டுமே எருசலேம் செல்பவருக்கு அப்பயணமே முழுப் பாவப் பரிகாரமாகும் என்கிறது அது. இப்படி ஒரு நிபந்தனை விதிக்க வேண்டியிருந்தது என்றால், வேறு நோக்கத்தோடு வருவோரும் இருப்பார்கள் என்பதைத் திருச்சபை எதிர்பார்த்தது என்றே நான் வாசிக்கிறேன்.

உங்கள் வலுவான சான்று, முதல் சிலுவைப் போரின் தலைவர்களில் ஒருவரான பொகிமோந்து. கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிறித்தவப் பைசாந்தியப் பேரரசுக்கு முன்பு உரியதாக இருந்த ஊர்களைத் திருப்பித் தருவதாகப் பேரரசர் அலெக்சியோசிடம் சத்தியம் செய்த அவர், 1098-இல் பிடிபட்ட அந்தியோக்கியா நகரைத் தாமே வைத்துக்கொண்டார். படை எருசலேமை நோக்கிப் போனபோது அங்கேயே தங்கிவிட்டார். எடெஸ்ஸா நகரின் ஆட்சியைப் பிடித்த இன்னொரு தலைவர் பால்ட்வினும் அப்படியே. 1204-இல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடிய நான்காம் சிலுவைப் போரையும் சேர்க்கலாம். ஆனால் அது வெனிசுக்குக் கப்பல் கூலி தர முடியாமல் கடனில் சிக்கிய படை வழிமாறிய கதை என்பதால், 1095-இன் நோக்கத்துக்கு அதைச் சான்றாக்க முடியாது.

எதிரணியிடமிருந்து ஒரு பொறியையும் எதிர்பாருங்கள். 1096-இல் ரைன் ஆற்றங்கரை நகரங்களில் யூதர்கள் சிலுவைப் படையினரால் கொல்லப்பட்டதை வெறும் கொள்ளை என்று நீங்கள் சொன்னால், மைன்ஸில் யூதர்கள் பொன் கொடுத்த பிறகும் படை ஏன் தாக்கியது என்றும், ஞானஸ்நானம் பெற்றால் உயிர் பிழைக்கலாம் என்ற வாய்ப்பு ஏன் தரப்பட்டது என்றும் கேட்பார்கள். மதப்பற்று என்றால் நல்லெண்ணம் என்று இரு அணியினரும் வைத்துக்கொள்வதால்தான் இந்த இடத்தில் பேச்சு தடுமாறுகிறது. அங்கே மட்டும் மதத்தின் பங்கை ஒப்புக்கொண்டுவிட்டு, அந்தியோக்கியாவுக்குத் திரும்பிவிடுங்கள்.