யாரும் மீட்டாத காந்தாரம்

அன்புள்ள ஐயா,

பெங்களூர் ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்து ராமநவமிக் கச்சேரிகளில் நீங்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தேன். படம் எடுக்கும்போது பாட்டைக் கேட்க முடிகிறதா? போன வாரம் என் மகள் பாடியதைக் கைபேசியில் எடுத்தேன். வீட்டுக்கு வந்தால் என்ன ராகம் என்றே நினைவில்லை.

வாசகர், மல்லேஸ்வரம்

அன்புள்ள நண்பருக்கு,

முடிவதில்லை. சாமராஜபேட்டையில் அந்தக் கச்சேரிகள் 1939லிருந்து நடக்கின்றன. நான் பத்து வருடமாகப் போகிறேன். படம் எடுத்த நாட்களில் பாட்டை விட அங்கே தரும் கோசம்பரியின், அதாவது பருப்புக் கோசுமல்லியின், ருசிதான் நினைவில் நிற்கிறது.

பாட்டு போகட்டும், காட்சியாவது மிஞ்சுகிறதா? என்னுடையது பழைய ஃபிலிம் எஸ்.எல்.ஆர். கேமரா. லென்ஸில் வரும் ஒளியை உள்ளே ஒரு கண்ணாடி கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், ஒளி ஃபிலிமுக்குப் போகும், எனக்கு இருட்டு. படத்தில் விழுந்த கணத்தை எடுத்தவன் பார்ப்பதே இல்லை! ஒரு தடவை ஷட்டர் திறக்கும் நேரத்தை நொடியில் முப்பதில் ஒரு பங்கு வைத்து வயலின்காரரை எடுத்தேன். கழுவிப் பார்த்தால் முகம் தெளிவு, வில் மட்டும் புகை. அன்று நான் கண்ணால் கண்டது, 'டக்' சத்தத்துக்கு முன்வரிசை மாமா திரும்பி முறைத்ததைத்தான்.

தம்புராவில் கதை நேர்மாறு. ஒரு பஞ்சமம் (ப), மூன்று ஷட்ஜம் (ஸ), நாலே தந்தி. தந்திக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் (குதிரை என்பார்கள்) நடுவே ஒரு துண்டு நூல் இருக்கும், ஜீவா என்பார்கள். அதை மயிரிழை நகர்த்தினால், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி ரீங்கரிக்க ஆரம்பிக்கும். சுருதி நன்றாகச் சேர்ந்தால் அந்தர காந்தாரம் என்ற 'க' ஸ்வரம் கேட்கும். அதற்கென்று தந்தி கிடையாது. கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் மந்தர ஷட்ஜத் தந்தி தனக்குள் ஐந்து பாகமாகவும் அதிர்வதால் எழுவது அது. சுயம்பு காந்தாரம் என்று பெயர். மீட்டாதது கேட்கிறது, எடுத்ததோ கண்ணில் படவில்லை.

கண்ணால் காண முடியாதது, கண் எதனால் காண்கிறதோ அதுவே பிரம்மம் என்று கேனோபநிஷதம் பேசும். இந்த இடத்தில் அதை இழுத்துவர ஆசைதான், ஆனால் ஒரு ஓட்டைக் கேமராவுக்கு அவ்வளவு பாரம் தாங்காது.

இப்போதெல்லாம் கச்சேரி தொடக்கத்தில் பாடும் வர்ணம் முடியும்வரை எடுப்பேன். ராகத்தை விரிக்கும் ஆலாபனை ஆரம்பித்தால் கேமரா பைக்குள் போய்விடும். நீங்கள் அடுத்த தடவை கைபேசியைப் பக்கத்து சீட் மாமியிடம் கொடுத்துவிடுங்கள். படம் கொஞ்சம் ஆடும், பரவாயில்லை. அப்புறம், அந்த ராகம் எதுவென்று மகளிடமே கேளுங்கள். திட்டினாலும் பாடிக் காட்டுவாள்.