“இன்னொரு ஃபாரம் இருக்குதாடா?”

வணக்கம் மேடம்,

எனக்கு 46 வயது. சென்னையில் ஒரு நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் பள்ளிபாளையம். அங்கே அரசுப் பள்ளியில் 1996இல் பிளஸ் டூ முடித்தேன். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை, நாங்கள் சேலம் மாவட்டம்.

போன மே மாதம் எங்கள் செட் மொத்தமும் ஊரில் ஒன்றுகூடினோம். பத்தாவதில் தவறி, மறுபடி எழுதி வந்த ஒருவன் இன்று திருச்செங்கோட்டில் சொந்தமாக ரிக் வண்டி வைத்து வட மாநிலங்களில் போர்வெல் போடுகிறான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் காவல் துறையில் இருக்கிறாள். எப்போதும் இரண்டாம் ரேங்க் எடுத்தவள், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறாள். மூன்று பேர் உயிரோடு இல்லை.

நான் எழுதுவது என் பெஞ்சில் உட்கார்ந்தவனைப் பற்றி. கணக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. எனக்கு வகைநுண்கணிதம் புரிந்ததே அவன் சொல்லிக்கொடுத்துத்தான். அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் அவன் அப்பா இறந்துவிட்டார். அவர் தறி ஓட்டியவர். எங்கள் பக்கம் தறிக்காரர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அதற்குப் பெயர் பாக்கி. அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. அப்பா வைத்துவிட்டுப் போன பாக்கிக்காக இவன் தறிக்குள் இறங்கினான். அப்படியும் பொதுத்தேர்வு எழுதி 1041 வாங்கினான். நான் 1018.

பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில், ஈரோட்டில் வேலை பார்த்த என் மாமா இரண்டு படிவங்கள் வாங்கி வந்தார். ஒன்றில் அடித்தல் திருத்தல் வந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று. விஷயம் தெரிந்து அவன் வீட்டுக்கு வந்து, “இன்னொரு ஃபாரம் இருக்குதாடா?” என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது படிவத்தைக் கடைசிவரை நான் தொடவே இல்லை.

இன்றும் அவன் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டுகிறான். ஒன்றுகூடலுக்கு வந்தான், பின்வரிசையில் உட்கார்ந்தான், குரூப் போட்டோ எடுக்கும் முன்பே கிளம்பிவிட்டான். “எப்படி இருந்தவன், இப்படி வீணாப் போயிட்டான்” என்று என் காதுபடவே பேசினார்கள். மறுநாள் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டான். அவன் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாளாம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு லட்ச ரூபாயை யார் கொடுத்தது என்று தெரியாமல் அவனுக்குச் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன். “பழசைக் கிளறாதீங்க” என்கிறாள் மனைவி. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், சென்னை

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்னது பொய்தான். அதைச் சின்ன விஷயம் என்று சொல்லி உங்களைத் தேற்றப் போவதில்லை. உங்களைவிடக் கெட்டிக்காரன் பக்கத்திலேயே போட்டிக்கு நிற்கிறானே என்ற பயம் பதினேழு வயதில் வந்திருக்கலாம். நேர்மையாக யோசித்தால் அது உங்களுக்கே தெரியும்.

ஆனால் அந்த ஒரு காகிதம்தான் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளிப்படிப்பை முடித்தவர்களில் 10,317 பேரைத் தேர்ந்தெடுத்து, அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து பார்த்தார்கள். மேலே படிக்கப் போவதற்கு மூளை மட்டும் போதவில்லை. பெற்றோரின் நிலை, ‘நீ படி’ என்று வீட்டிலும் பள்ளியிலும் யாராவது சொன்னார்களா, கூட்டாளிகள் எங்கே போகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்தே இழுத்தன. உங்கள் நண்பருக்கு அப்பா இல்லை, தலைமேல் பாக்கி. படிவம் கிடைத்து, தேர்வு எழுதி, இடமும் கிடைத்திருந்தால் முதல் பருவக் கட்டணம் எங்கிருந்து வந்திருக்கும்? பட்டறை முதலாளி அவரை விட்டிருப்பாரா? கூட்டாளி என்ற இடத்தில் நீங்கள் இருந்தீர்கள், கைவிட்டீர்கள். அந்தப் பங்கு உங்களுடையது. மீதியையும் நீங்களே சுமப்பது அந்தத் தறி வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதையே மறைத்துவிடும்.

இத்தனை வருடம் கழித்து ஏன் இப்படி உறுத்துகிறது? நம்மை நாம் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பற்றி லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் எழுதினார். நம்மைப் போன்றவர்களோடுதான் ஒப்பிடுகிறோம் என்றார். ஒரே பெஞ்சு, ஒரே ஊர், ஒரே வாத்தியார். பெஞ்சுத் தோழரைப் பார்க்கும்போது, நீங்கள் ஆகியிருக்கக்கூடிய இன்னொருவரைப் பார்க்கிறீர்கள். அவருக்கும் உங்களைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். போட்டோவுக்கு முன் அவர் கிளம்பியதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ராத்திரி ஷிப்டுக்கு நேரமாகியும் இருக்கலாம்! நீங்கள் கேட்கவில்லையே.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இதுதான். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது முழுவதும் பிறர் சொன்னது. ‘படிக்கிறாளாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வீணாப் போயிட்டான்’ என்றவர்களுக்கு நீங்கள் பதில் சொன்னதாகவும் எழுதவில்லை. அப்பா விட்டுப்போன கடனை ஏற்று, குடும்பத்தைத் தாங்கி, மகளை மேல்நிலை வகுப்பு வரை கொண்டுவந்த ஒருவரை அந்த வார்த்தையால் எப்படிச் சொல்வது?

அந்த ஒரு லட்சம் வேண்டாம். குற்றவுணர்வு செய்த தவறைச் சரிசெய்யப் பார்க்கும். அவமானம் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்க்கும். பெயர் சொல்லாமல் பணம் அனுப்புவது இரண்டாவது வகை. பாக்கி என்றால் என்னவென்று ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்றே தெரியாத ஒரு பாக்கியை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

போய்ப் பாருங்கள். தனியாகப் போங்கள், வகுப்புத் தோழர்கள் யாரும் வேண்டாம். படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன், ஆனால் போன உடனே அல்ல. முதலில் அவர் பேசட்டும். அப்புறம் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்: ‘அன்றைக்கு என்னிடம் இன்னொரு ஃபாரம் இருந்தது. இல்லை என்று பொய் சொன்னேன்.’ அழுது அவரை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள். மன்னிப்பைக் கேட்டு வாங்கப் பார்க்காதீர்கள். அவருக்கு அது மறந்தே போயிருக்கலாம், கோபம் வரலாம், ‘எனக்கு அப்பவே தெரியும்டா’ என்றும் சொல்லலாம். எதுவானாலும் எழுந்து வந்துவிடாமல் உட்கார்ந்திருங்கள்.

மகளின் படிப்பை அவராக எடுத்தால் மட்டும் பேசுங்கள். அப்போது உங்களால் உண்மையாகவே உதவ முடியும். நீங்கள் எழுதிய நுழைவுத் தேர்வு இப்போது இல்லை, பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளை என்றால் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் இருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் இன்றைக்கும் தேவைப்படுகிறது. உங்களுக்கு மாமா இருந்தார். உங்கள் நண்பர் சரி என்றால், அந்தப் பெண்ணுக்கு நீங்கள் இருக்கலாம். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

உங்கள் மனைவியிடமும் அந்தப் படிவக் கதையை முழுதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்கு அது தெரியாது என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

போகுமுன் நண்பருக்கு ஃபோன் செய்து, தறி என்றைக்கு நிற்கும் என்று கேளுங்கள். ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்குபவரைக் காலையில் போய் எழுப்ப வேண்டாம்.