ஸ்ட்ரிப் கடைசியில் மங்குவதும் அடாப்டர் சுடுவதும்

வணக்கம். மீட்டருக்கு 14.4 வாட் உள்ள 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை 10 மீட்டர் ஒரே தொடராக இணைத்து, 5 ஆம்பியர் அடாப்டரில் எரிக்கிறீர்கள். கடைசிப் பகுதி மங்குகிறது, அடாப்டர் கை வைக்க முடியாமல் சுடுகிறது, அடுத்து இதையே விழா மேடையில் கட்டப்போகிறேன் என்கிறீர்கள். முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

10 மீட்டருக்கு 144 வாட், அதாவது 12 ஆம்பியர் வேண்டும். உங்கள் அடாப்டர் தருவதோ 60 வாட்தான். அதற்குப் பதிலாக 12 வோல்ட், 15 ஆம்பியர் பவர் சப்ளை வாங்குங்கள்.

மங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ட்ரிப்புக்குள் ஓடும் செம்புத் தடம் மிக மெல்லியது. தூரம் போகப் போக வோல்டேஜ் இறங்கிவிடும். ஐந்தைந்து மீட்டராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சப்ளையிலிருந்தே தனி ஒயர் இழுத்து, சப்ளைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அசட்டையாக இருக்காதீர்கள். தளர்ந்த இணைப்பில் 6 ஆம்பியர் ஓடினால் பிளாஸ்டிக் உருகும். ஒருமுறை என் கிளிப் கனெக்டர் பழுப்பேறிக் கருகியது. அதிலிருந்து சால்டர் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) மட்டும்தான். அப்புறம், ஸ்ட்ரிப் சுருளைப் பிரிக்காமல் எரியவிடாதீர்கள்.

மேடையில் சப்ளையை மழை படாத, காற்றோட்டமான இடத்தில், திரைத்துணிக்கு எட்டாமல் வையுங்கள். மெயின்ஸ் பக்கம், அதாவது சப்ளைக்கு மின்சாரம் வரும் பக்கம், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். நடைபாதையில் ஒயர் குறுக்கே போகக்கூடாது. முந்தின நாளே முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் எரியவிட்டு, அணைத்தவுடன் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ, அதை மறுபடி சால்டர் செய்யுங்கள்.