கறுப்புப் பசுவுக்குச் சிவப்புக் கன்று

கேள்வி (திருக்கோவில், அம்பாறை மாவட்டம்): என் பசு முழுக் கறுப்பு, பிரீசியன் கலப்பு. மார்ச் 3 விடியவே வேட்கை (நாம்பனைத் தேடும் பருவம்) வந்து கத்தத் தொடங்கியது. மறுநாள் நண்பகல் கறுப்பு வெள்ளைப் பிரீசியன் நாம்பனின் (காளையின்) விந்தைச் சினை ஊசியாகப் போட்டோம். பிறகு வழமைபோலப் பட்டியோடு மேயப் போனது. டிசம்பர் 29இல் ஈன்ற நாகு (பெண்) கன்று செங்கல் நிறம். வேறு விந்தைப் போட்டு ஏமாற்றிவிட்டார்களா ஐயா? 'சிவப்புக்குப் பால் இராது' என்று வியாபாரி அரை விலைக்குக் கேட்கிறார்.

பதில்: நிறத்தை மட்டும் வைத்து ஊசி போட்டவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாட்டுக்கும் இந்த நிற மரபணு இரண்டு. கறுப்பு ஆட்சியானது, சிவப்பு பின்னிடைவானது, அதாவது கறுப்பு ஒன்று இருந்தால் சிவப்பு வெளியே தெரியாது. பசுவும் நாம்பனும் ஆளுக்கொரு சிவப்பு மரபணுவை மறைத்து வைத்திருந்தால், கறுப்புக்கும் கறுப்புக்கும் நாலில் ஒன்று சிவப்பாகப் பிறக்கலாம். நாம்பனின் இரண்டு மரபணுவும் கறுப்பென்றால் அது நடவாது. எந்த நாம்பன் என்பதன் இலக்கம் விந்துக் குழாயிலேயே அச்சிட்டிருக்கும். அந்த இலக்கத்தை நீங்கள் எழுதி வைக்கவில்லை.

ஆனால் திகதியை எழுதியிருக்கிறீர்கள், அது போதும். மார்ச் 4இலிருந்து டிசம்பர் 29 வரை 300 நாள். மாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். பத்து நாள் முன்பின் ஆகலாம், இருபது நாள் என்பது நம்பக்கூடியதல்ல. பசுவுக்கு வேட்கை திரும்பி வர ஏறக்குறைய 21 நாள், 300இல் அந்த ஒரு சுற்றைக் கழித்தால் 279. ஊசி பிடிக்கவில்லை, மார்ச் 25 அளவில் பசு மறுபடி வேட்கைக்கு வந்திருக்கிறது, பட்டியில் நின்ற சிவப்பு நாம்பன் ஏதோவொன்று ஏறியிருக்க வேண்டும். அதற்குப் பிறந்தால் சிவப்புக்கு இரண்டில் ஒன்று வாய்ப்பு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ஊசி ஏன் பிடிக்கவில்லை என்பதை. காலையில் வேட்கை கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. நீங்கள் வேட்கை கண்டு ஒரு நாளுக்கு மேல் கழித்தே போட்டிருக்கிறீர்கள். கருமுட்டை சில மணி நேரந்தான் உயிரோடிருக்கும். அதன் பிறகு எவ்வளவு நல்ல விந்தும் வீண். நமது வெயிலில் மாடுகள் பகலில் வேட்கையை அதிகம் காட்டுவதுமில்லை. விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் பட்டியைப் போய்ப் பாருங்கள். மற்றவை ஏறும்போது விலகாமல் நிற்பதே சரியான அடையாளம், கத்துவதல்ல.

வியாபாரியின் பேச்சைத் தள்ளுங்கள். சாகிவால் என்ற மாட்டினம் சிவப்புத்தான், அது பால் மாடில்லையா? ஒரேயொரு கறுப்பு மரபணு இருந்தாலே தோல் கறுத்துவிடும். அதைக் காட்டி எந்தக் கலப்பையும் 'அசல் பிரீசியன்' என்று விற்பது இவர்கள் பிழைப்பு. உங்கள் நாகுக்குப் பால் குறையலாம், ஆனால் அது தகப்பன் பட்டி நாம்பன் என்பதால், தோலால் அல்ல. வளர்த்து, நேரத்துக்கு ஊசி போடுங்கள். இரண்டு மரபணுவும் கறுப்பான நாம்பன் என்றால் கன்று கறுப்பாகவே விழும், இதே வியாபாரி கூடுதல் விலை சொல்லுவார்.

இனி ஊசி போட்டால் நாம்பன் இலக்கம், திகதி, நேரம் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். பதினெட்டாம் நாளிலிருந்து இருபத்துநாலாம் நாள் வரை பசுவைப் பட்டியோடு விடாமல் வீட்டில் கட்டிப் புல் வெட்டிப் போடுங்கள். வேட்கை திரும்பினால் அன்றைக்கே ஊசிக்கு ஆள் அனுப்புங்கள்.