விரிவுரைக்குத் தவறாமல் சென்றும் புள்ளிகள் ஏன் குறைகின்றன?

கோலாலம்பூரில் முதலாண்டு பயிலும் உங்கள் தங்கை, விரிவுரைகளுக்குத் தவறாமல் சென்று, குறிப்புகளைப் பலமுறை வாசித்தும் பின்தங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வருகை அவசியமே, ஆனால் சிக்கல் அந்த மறுவாசிப்பில்தான் இருக்கக்கூடும். ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் 5 நிமிடங்களுக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினாலும், ஒரு வாரம் கழித்து, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னிலை வகித்தனர். கண்ணுக்குப் பழகிய வரிகளைத் தெரிந்தவையாக எண்ணிவிடுகிறோம் (மஞ்சள் மையால் கோடிட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்). ஆகவே, வீடு திரும்பும் எல்ஆர்டி ரயில் பயணத்திலேயே குறிப்பேட்டை மூடிவிட்டு, அன்றைய விரிவுரையின் மையக் கருத்துகளை ஒரு தாளில் சொந்த நடையில் எழுதி, விடுபட்டவற்றை மட்டும் பிறகு சரிபார்க்கச் சொல்லுங்கள். சில நாள் இடைவெளியில் அதையே மறுபடியும் எழுதிப் பார்க்க வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) தே தாரிக் தேநீரோடு விழித்திருப்பது இதற்கு ஈடாகாது.