இலங்கையின் வன்னிக் கரையோரம் படகில் போய்ப் பழைய துறைமுக ஊர்களைப் பார்க்க முடியுமா? எங்கே தொடங்கலாம்?

முடியும். ஆனால் மன்னாரில் ஏறி முல்லைத்தீவில் இறங்கலாம் என்ற நினைப்பு இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். வரைபடத்தில் யாழ்ப்பாணக் கடல்நீரேரி இரண்டு பக்கத்தையும் இணைப்பதுபோலத் தெரியும். ஆனையிறவில் வீதி குறுக்கே அணையாகக் கிடக்கிறது, வள்ளம் தாண்டாது. குடாநாட்டையே சுற்றிப் பருத்தித்துறை முனையால்தான் வரவேண்டும். நான் மேற்குக் கரைக்காரன். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் போவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுப் பிடித்தால் மன்னாரின் தென்கடல் கொந்தளிக்கும். அதே நேரம் முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கடல் படுத்திருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து மீனவர்கள் வந்து அங்கே வாடி, அதாவது தங்கித் தொழில் செய்யும் குடில், போடுவதும் அந்தப் பருவத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடை என்ற வடகிழக்குக் காற்றுத் தொடங்கியதும் கிழக்குக் கரையை மறந்துவிடலாம். ஆகவே துண்டு துண்டாகப் போங்கள், பருவத்துக்கு ஒரு கரை.

ஒரே ஒரு இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மன்னார் என்பேன். அந்தத் தீவுக்கு மட்டும் இரண்டு கடல்: தென்கடல் எழும்பினால் வடகடல் அடங்கியிருக்கும், வாடையில் அதற்கு எதிர்மாறு. மன்னாருக்கும் பெருநிலத்துக்கும் இடையில் வள்ளத்தில் போய்ப் பாருங்கள். பல இடத்தில் இயந்திரத்தைத் தூக்கிவிட்டு மரக்கோலால் ஊன்றித் தள்ள வேண்டிவரும், அவ்வளவு ஆழம் குறைவு. அதைப் பார்த்த பிறகுதான் மாந்தை என்ற பழைய துறைமுகம் ஏன் அங்கே இருந்தது என்பது எனக்கு விளங்கியது. பெரிய கப்பல் இந்த வழியால் கடக்க முடியாது. அரபுக் கடல் பக்கமிருந்து வந்த சரக்கும் வங்கக் கடல் பக்கமிருந்து வந்த சரக்கும் இங்கே இறங்கிக் கைமாறின என்றுதான் ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழு தோண்டியபோது சீனப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் ஒரே மண்ணில் கிடைத்தன. மாந்தைக்கு மாதோட்டம் என்றும் பெயர்; சுந்தரர் அதைக் கப்பல் மலிந்த கடலுடைய நகரம் என்று பாடியது வெறும் புகழ்ச்சி இல்லை. சோழர் காலத்தில் அதற்கு இராசராசபுரம் என்று பெயர்கூட வைத்தார்கள். இப்போது அங்கே படகில் போய் இறங்க முடியாது. தள்ளாடியால் வீதியில் போய்த் திருக்கேதீச்சரக் கோயிலையும் பாலாவித் தீர்த்தத்தையும் பாருங்கள், பழைய நகரம் பக்கத்து மண்மேட்டுக்குள்தான் கிடக்கிறது.

மன்னார்க் கோட்டை தண்ணீர்க் கரையிலேயே நிற்கிறது. 1560இல் போர்த்துக்கேயர் பிடித்த இடம், 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இதைக் கடலிலிருந்து பார்ப்பதுதான் அழகு. தெற்கே அரிப்பில் ஆங்கில ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டிய மாளிகையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது. மிச்சம் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கில மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் தப்பி 1679இல் வந்து சேர்ந்ததும் இதே அரிப்பில் உள்ள ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். தலைமன்னார் இறங்குதுறைக்கும் ஒரு நடை போகலாம். 1914இல் தொடங்கி, 1964 புயல் அழிக்கும்வரை இந்தியாவின் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய வழி அது.

வடக்கே எங்கள் பக்கம் இரணைதீவு. துறைமுக நகரம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் விடாதீர்கள். 1992இல் இடம்பெயர்ந்த சனம், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018 சித்திரையில் தாங்களாகவே படகுகளில் ஏறிப் போய் இறங்கியது. சுற்றுலாத் தீவு என்று நினைத்துப் போகாமல் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போவதுபோலப் போங்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். பூநகரிக் கோட்டையைத் தரையால் பார்த்தாலே போதும்.

முல்லைத்தீவில் கோட்டையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். 1803இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தாக்கிய அந்தக் கோட்டையில் இன்று காட்டுவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அங்கே 2009 இறுதிப் போர் முடிந்த நந்திக்கடலும் வட்டுவாகலும் வேறு கனத்தோடு இருக்கின்றன. படம் எடுக்கும் முன் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, படகு. மன்னாருக்கு வெளியே வாடகைப் படகு என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். தொழிலுக்குப் போகும் ஃபைபர் வள்ளம்தான். ஊர் மீனவர் சங்கத்தில் போய்க் கேளுங்கள், ஆளும் விலையும் அங்கேயே தீரும். எண்ணெய்க் காசு தனியா, சேர்த்தா என்று ஏறும் முன்பே பேசுங்கள். கடற்படைக்குத் தெரிவிக்காமல் எந்தத் தீவுக்கும் போக வேண்டாம், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத வள்ளத்தில் ஏறாதீர்கள், ஓட்டி சிரித்தாலும் பரவாயில்லை. அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், இருந்தால் நன்றாகப் பார்க்கலாம், ஆனால் திரும்பி வரும்போது இடுப்பு உங்களைத் திட்டும்.